கசியும் குழாயும் வெட்கப்படும் எந்திரமும்

பண்பாடு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் ஊரில் பலருக்கு ஒரு பெண்ணின் உடையும், அவள் வீடு திரும்பும் நேரமும், அவள் வைக்கும் குழம்பின் பக்குவமும் நினைவுக்கு வருகின்றன. தொழில்நுட்பம் என்றால் ஆய்வகத்தில் நிற்கும் ஓர் ஆண் நினைவுக்கு வருகிறான். முன்னதைப் பெண் காப்பாற்ற வேண்டும். பின்னதை ஆண் கண்டுபிடிக்க வேண்டும். இப்படி யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்கத் தேவையில்லாத அளவுக்கு நமக்கு இது பழகிவிட்டது. என் ஆய்வுத் துறையைப் ‘பண்பாடும் தொழில்நுட்பமும்’ என்று குறிப்பிடும்போதெல்லாம், அந்த இரண்டு சொற்களையும் சேர்த்துக்கட்டும் ‘உம்’தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காப்பதும் கண்டுபிடிப்பதும் ஒரே வீட்டுக்குள், ஒரே குழாயடியில்தான் நடக்கின்றன.

முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நேர்முகத்தில், சமூக ஊடகத்தை எடுக்கிறீர்களா, செயற்கை நுண்ணறிவை எடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். பாத்திரம் கழுவும் தொட்டி, மாவரைக்கும் கிரைண்டர், தமிழ் சினிமாவின் ரோபோ என்றேன். “முதல் இரண்டும் மனையியல், மூன்றாவது பொழுதுபோக்கு. இதில் தொழில்நுட்பம் எங்கேம்மா இருக்கிறது?” என்று குழுவில் இருந்த ஒருவர் சிரித்தபடி கேட்டார். கேள்வியில் கேலி இருந்தாலும் அது நல்ல கேள்வி. எதைத் தொழில்நுட்பம் என்று அழைக்கிறோம், எதை வெறும் வீட்டுச் சாமான் என்று ஒதுக்குகிறோம் என்பதில்தான் யாருடைய வேலை கணக்கில் வருகிறது, யாருடையது வராமல் போகிறது என்பதும் தீர்மானமாகிறது.

தொட்டி

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதை, 1988இல் க்ரியா வெளியிட்ட அதே பெயருள்ள தொகுப்பில் இருக்கிறது. ராஜஸ்தானத்துக் கூட்டுக்குடும்பம் ஒன்று. அதற்குத் தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி. உணவின் மீதான அதிகாரம், மூத்த பெண்ணுக்கும் இளைய பெண்ணுக்கும் இடையிலான உறவு, பெண் தன்னைக் கண்டடைவது என்று பல கோணங்களில் இந்தக் கதையை வாசித்திருக்கிறோம். எல்லாமே சரியான வாசிப்புகள். மாணவியாக அதைத் திரும்பப் படித்தபோது என் பென்சில் நின்ற இடம் வேறு.

அந்தச் சமையலறையில் ஒரு தட்டைக்கூட ஒழுங்காக வைக்க முடியாத சிறிய தொட்டி இருக்கிறது. கீழே நீர் வடியும் இடத்துக்குத் தடுப்புக் கிடையாது. குழாயைத் திறந்தால் நிற்பவளின் காலடியில் தண்ணீர் சேரும். ஓயாத ஈரத்தில் குதிகால் வெடிக்கும். அம்பை இதை உருவகமாக்கி நம்மை உருகவைக்கவில்லை. கட்டடத்தைப் பார்வையிட வந்த பொறியாளர் குறைகளைப் பட்டியலிடுவதுபோல, அளவோடு எழுதுகிறார். ஜன்னலுக்கு வெளியே பச்சை மலைகள்; அவற்றை மறைத்துக்கொண்டு துணிக்கொடிகள். இடத்தை விரித்துக் கட்டலாம், கழுவுவதற்கு வசதி செய்யலாம் என்று மீனாட்சி சொல்கிறாள். அந்த வீடு தேவைக்கேற்ப அறைகளைச் சேர்த்துக்கொண்டே போன வீடு. ரயில் பெட்டிகள்போல நீண்டுகொண்டே போயிருக்கிறது. சமையலறைக்கு மட்டும் அந்த நீட்சி கிடையாது. அவள் சொன்ன பிறகு கொடிகள் குறையவில்லை, கூடுகின்றன.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2021 ஜனவரியில், ஜியோ பேபியின் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ மலையாளத்தில் வெளியானது. 2023இல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிப்பில் தமிழிலும் எடுத்தார்கள். மலையாளப் படத்தையே இங்கே பேசுகிறேன். அதில் மாமனாருக்கு மிக்சியில் அரைத்த சட்னி பிடிக்காது, அம்மியில் அரைக்க வேண்டும். குக்கரில் வைத்த சோறு ஆகாது, விறகடுப்பில் வடிக்க வேண்டும். துணியை வாஷிங் மெஷினில் போட்டால் கெட்டுவிடும், கையால் துவைக்க வேண்டும். இவற்றை அவர் கோபமாகச் சொல்வதில்லை. அன்பாக, மெதுவாகச் சொல்கிறார். எந்திரங்கள் வீட்டில் இருக்கின்றன. அவற்றைத் தொடவிடாமல் வைத்திருப்பது ருசி. ‘கைமணம்’ என்று நாம் புகழ்வதன் இன்னொரு பக்கத்தை இந்தப் படம்போல் நேராகக் காட்டிய படங்கள் குறைவு. ருசி என்பது அந்த வீட்டில் உழைப்பைக் கறந்தெடுக்கும் ஓர் ஏற்பாடு.

பலர் அந்தப் படத்தைப் பழமைக்கும் நவீனத்துக்குமான மோதலாகப் பார்த்தார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. மாமனார் பழமைவாதி, ஒப்புக்கொள்கிறேன். கணவன் பள்ளி ஆசிரியன், அடுத்த தலைமுறை. அவன் மிக்சியைத் தடுக்கவில்லை. அவன் செய்வது வேறொன்று. சமையலறைத் தொட்டியின் குழாய் கசிகிறது. பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்று மனைவி சொல்கிறாள். மறந்துவிடுகிறான். மறுபடி சொல்கிறாள். மறுபடி மறக்கிறான். அழுக்கு நீர் தேங்குகிறது, அவள் சாக்கைப் போட்டுத் துடைக்கிறாள், கையை முகர்ந்து பார்க்கிறாள். கடைசியில் அந்தக் கழுவுநீர்தான் அவன் முகத்தில் வீசப்படுகிறது.

ஒருவர் வெளிப்படையாகத் தடை போடுகிறார், இன்னொருவர் மறந்துபோகிறார். தடையை எதிர்த்துப் பேச முடியும். மறதியை எதிர்த்து என்ன பேசுவது? மறதிக்கு நோக்கம் கிடையாது என்று சொல்லித் தப்பிக்கலாம். தன் காலில் படாத ஈரம் ஒருவனுடைய நினைவில் தங்காது என்பதே அந்த வீட்டின் அதிகாரம். அம்பையின் தொட்டியும் ஜியோ பேபியின் குழாயும் வேறு வேறு மொழியில், வேறு வேறு வீட்டில் இருக்கின்றன. இரண்டிலும் பெண் கேட்டது ஒரே தொழில்நுட்பம்தான். தண்ணீர் வெளியேற ஒரு வழி.

கிரைண்டர்

கோவையில் பி. சபாபதி 1955இல் மின்சார வெட் கிரைண்டரை உருவாக்கினார் என்று பதிவாகியிருக்கிறது. இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கண்டுபிடித்தவரின் பெயர் தெரிந்திருப்பது நல்லதுதான். உளுந்து எவ்வளவு பொங்க வேண்டும், எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும், எந்தப் பதத்தில் வழிக்க வேண்டும் என்பதெல்லாம் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்தவர்கள் கண்டுபிடித்தவை. அந்த அறிவு இல்லாமல் அந்த எந்திரத்துக்குப் பயன் கிடையாது. அதற்குப் பெயரும் இல்லை, குறியீடும் இல்லை. வசதியான வீடுகளில் அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்தவள் வீட்டுப் பெண்ணாகக்கூட இல்லை, கூலிக்கு மாவாட்ட வந்தவள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்திரம் வந்தபோது ஒருத்திக்குத் தோள்வலி போனது, இன்னொருத்திக்குக் கூலி போனது.

அமெரிக்க வரலாற்றாய்வாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ என்ற நூல் என் ஆய்வுக்கு அடிப்படை. அவர் சொல்வதன் சுருக்கம் இது: வீட்டுக்கு வந்த எந்திரங்கள் முதலில் மிச்சப்படுத்தியது ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலையை. விறகு பிளப்பது, தானியம் மாவாக்குவது போன்றவை வீட்டைவிட்டுப் போயின. பெண்ணின் வேலை அங்கேயே இருந்தது. அதோடு சுத்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் எதிர்பார்ப்பு உயர்ந்தது. எந்திரம் ஒரு வேலையின் களைப்பைக் குறைத்தது. வேலைகளின் எண்ணிக்கையைக் கூட்டியது.

இதை நான் நூலகத்தில் படிப்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் பார்த்திருந்தேன். தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் எங்கள் குடும்ப அட்டைக்கும் ஒரு கிரைண்டர் வந்தது. அம்மா அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார். அதுவரை இட்லி எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பலகாரம். அதற்குப் பிறகு வாரத்தில் நான்கு நாள் இட்லியோ தோசையோ ஆனது. அம்மாவின் வலது தோள் தேறியது. அவர் எழும் நேரம் மாறவில்லை. கிரைண்டரைக் கழுவித் துடைத்து வைக்கும் வேலை மட்டும் புதிதாகச் சேர்ந்தது.

அதற்காக அந்தக் கிரைண்டரைக் குறைசொல்ல நான் தயாராக இல்லை. ஒரு தோளின் வலி போனது சின்ன விஷயமில்லை. என் கேள்வி, அந்த எந்திரம் வேலையை மாற்றியதே தவிர, வேலை யாருடையது என்பதை ஏன் மாற்றவில்லை என்பது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2019இல் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் ஒரு நாளில் அதற்காகச் செலவிட்டது 299 நிமிடம்; ஆண் செலவிட்டது 97 நிமிடம். 2024இல் பெண் 289, ஆண் 88. ஐந்து ஆண்டுகளில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. இடைவெளி 202இலிருந்து 201 ஆனது. வேலை குறையும்போதும் இரண்டு பக்கமும் சேர்ந்தே குறைகிறது, பங்கு மாறவில்லை. அதிலும் இது வீட்டு வேலையில் ஈடுபட்டதாகக் கணக்கில் வந்த ஆண்களின் நேரம் மட்டுமே. 2019 கணக்கில் அப்படி வந்தவர்கள் ஆண்களில் சுமார் 26 விழுக்காடு, பெண்களில் 81.

இப்போது சினிமாவுக்கு வருகிறேன். 2018 நவம்பரில், ஒரே மாதத்தில், இரண்டு பெரிய தமிழ்ப் படங்கள் வந்தன. முதலில் வந்தது ஏ.ஆர். முருகதாஸின் ‘சர்கார்’. அதில் அரசு கொடுத்த மிக்சியையும் கிரைண்டரையும் மக்கள் தீயில் தூக்கிப் போடும் காட்சி இருந்தது. ஆளுங்கட்சியின் எதிர்ப்புக்குப் பிறகு அதை வெட்டினார்கள். கருத்துச் சுதந்திரத்துக்காக ஒரு தரப்பு பேசியது, மறைந்த தலைவரின் மானத்துக்காக இன்னொரு தரப்பு பேசியது. காட்சியை வெட்டவைத்தது தவறு என்பதே என் நிலையும். இருந்தாலும் அந்தக் காட்சியை ஒரு விமர்சகராக நான் விட்டுவிட முடியாது. இலவசம் மனிதர்களைச் சோம்பேறியாக்குகிறது என்ற வாதத்துக்குத் தீ மூட்ட, படம் தேர்ந்தெடுத்த பொருள்களைப் பாருங்கள். கிரைண்டரைக் கொடுத்ததால் சோம்பேறியானவர் யார்? அதை எரித்தால் மறுநாள் கல்லின் முன்னால் உட்காரப்போகிறவர் யார்? சுயமரியாதையின் பெயரால் தீயில் போடப்படுவது யாருடைய ஓய்வு என்ற கேள்வி அந்தக் காட்சியில் எங்கேயும் எழவில்லை. எந்திரம் சமையலறையில் இருக்கும்போது அது தொழில்நுட்பம் இல்லை. ஒரு ‘இலவசம்’, அவ்வளவுதான்.

எந்திரன்

அதே மாதக் கடைசியில் வந்தது ஷங்கரின் ‘2.0’. அதைப் பேசுவதற்கு முன் 2010இல் வந்த ‘எந்திரன்’ படத்தைப் பேச வேண்டும். அது வந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ரயில் சண்டைக்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. இப்போதும் அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கும். பிடித்த படங்களைத்தான் நெருங்கிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிடிக்காத படங்கள் நமக்குள் வந்து தங்குவதில்லை.

வசீகரன் வருடக்கணக்கில் ஆய்வகத்தில் அடைந்துகிடந்து, ராணுவத்துக்காக ஒரு ரோபோவை உருவாக்குகிறான். முகமும் உடலும் அவனுடையவையே. தாயில்லாமல் ஆண் ஒருவனே ஓர் உயிரைப் பெற்றெடுக்கும் கதைதான் இது. அம்மாவின் பங்கு அதற்குச் சிட்டி என்று பெயர் வைப்பது. காதலி சனாவின் பங்கு, வசீகரன் எப்போது வெளியே வருவான் என்று காத்திருப்பது.

படத்தின் நடுவே ஒரு தீ விபத்து. அடுக்குமாடிக் குடியிருப்பில் சிக்கியவர்களைச் சிட்டி காப்பாற்றுகிறது. குளித்துக்கொண்டிருந்த செல்வி என்ற பெண்ணையும் அப்படியே, ஆடையில்லாமல், தூக்கிக்கொண்டு வந்து கூட்டத்தின் நடுவே இறக்குகிறது. சுற்றிலும் தொலைக்காட்சிக் கேமராக்கள். அவமானம் தாங்காமல் அவள் ஓடுகிறாள். சாலையில் வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள்.

இந்த மரணத்தைப் படம் எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். இது ஒரு பொறியியல் குறைபாடு. மனித உணர்வு ரோபோவுக்குத் தெரியவில்லை, ஆகவே உணர்வைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கதை அடுத்த கட்டத்துக்கு நகர்கிறது. செல்வி அங்கேயே முடிந்துபோகிறாள். அவள் உடலை நோக்கித் திரும்பிய கேமராக்கள் மீது கதைக்குக் குற்றச்சாட்டு இல்லை. கண்ணைத் திருப்பிக்கொள்ளாத கூட்டத்தின் மீதும் இல்லை. தீயிலிருந்து பிழைத்துவந்த ஒரு பெண், பார்க்கப்பட்டதற்காகச் சாக வேண்டியிருக்கும் ஊரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவளுடைய வெட்கம் இயற்கை விதிபோல, ஈர்ப்பு விசைபோலப் படத்தில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. எந்திரம் அந்த விதியைக் கற்றுக்கொண்டால் போதும். ஊர் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

உணர்வு வந்த பிறகு சிட்டி செய்யும் முதல் பெரிய காரியம் என்ன? சனாவின் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகிறது. சிட்டி தான் படித்த மருத்துவத்தைக் கொண்டு குழந்தையை எடுக்கிறது. நம் ஊர்களில் மருத்துவச்சிகள் தலைமுறை தலைமுறையாகக் கைக்குள் வைத்திருந்த அறிவு, புத்தகங்களை நொடியில் படித்து முடிக்கும் எந்திரத்தின் சாகசமாக மாறிவிடுகிறது. மகிழ்ச்சியில் சனா அதற்கு ஒரு முத்தம் கொடுக்கிறாள். அந்த நன்றியை அது காதலாக எடுத்துக்கொள்கிறது. பின்பு உரிமையாக, பின்பு கடத்தலாக, பின்பு ஓர் ஊரையே அழிக்கும் வெறியாக. ஆணின் உணர்வு என்று தமிழ் சினிமா பல காலமாகக் காட்டிவரும் பாடத்திட்டத்தை அந்த எந்திரம் மிக வேகமாகப் படித்து முடித்துவிட்டது, அவ்வளவுதான்.

நிலா

‘2.0’இல் வசீகரனுக்கு உதவியாளராக ஒரு பெண் ரோபோ வருகிறது. பெயர் நிலா. ‘நைஸ், இன்டெலிஜென்ட், லவ்லி அசிஸ்டன்ட்’ என்பதன் சுருக்கம் அது. ஆண் ரோபோவுக்கு ஒரு செல்லப் பெயர் கிடைத்தது. பெண் ரோபோவுக்குக் கிடைத்தது ஒரு வேலை விளம்பரம். அறிவு என்ற தகுதி நடுவில் இருக்கிறது, நல்லவளாகவும் அழகானவளாகவும் இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளுக்கு மத்தியில்.

இதே படத்தில் சனா எங்கே? தொலைபேசியில். திரையில் அவள் வருவதில்லை. குரலாக மட்டும் வந்து வசீகரனிடம் பேசிவிட்டுப் போகிறாள். முதல் படத்தில் உடலோடும் கோபத்தோடும் இருந்த மனிதப் பெண் இரண்டாம் படத்தில் குரலாகச் சுருங்க, அவள் இருந்த இடத்தில் முகம் சுளிக்காத, களைப்படையாத எந்திரம் பெண்ணுடலோடு வந்து நிற்கிறது. கைபேசிகளைப் பற்றிய படத்தில் மனைவியாகக் காத்திருந்தவள் கைபேசிக்குள்ளேயே போய்விட்டாள் என்பதை யாரும் திட்டமிட்டு எழுதியிருக்க மாட்டார்கள். திட்டமிடாமல் விழும் இடங்களில்தான் ஒரு பண்பாடு தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

இது சினிமாவின் கற்பனை மட்டுமில்லை. உலகம் முழுவதும் விற்பனைக்கு வந்த குரல் உதவியாளர்கள் பலவும் பெண் குரலோடும் பெண் பெயரோடும் வந்தன. இதைப் பற்றி யுனெஸ்கோ 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சிரியிடம் ஒருவர் பாலியல் வசைச்சொல் ஒன்றைச் சொன்னால், முடிந்தால் வெட்கப்பட்டிருப்பேன் என்ற பொருளில் அது முன்பு பதில் சொல்லிவந்தது. அந்தப் பதிலையே தலைப்பாக்கினார்கள். 2021இல் ஆப்பிள் ஆங்கிலத்தில் பெண் குரலைத் தானாகவே தரும் முறையைக் கைவிட்டு, பயனரே குரலைத் தேர்ந்தெடுக்கும்படி மாற்றியது.

அந்தப் பதிலைச் செல்வியின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சென்னைத் திரைக்கதையில், ஆண் எந்திரத்துக்கு வெட்கம் தெரியாதது குறை. ஆனால் அது வெட்கப்பட வேண்டியதில்லை. பெண்ணுக்கு வெட்கம் உண்டு என்று தெரிந்துவைத்திருந்தால் போதும். கலிஃபோர்னியாவில் எழுதப்பட்ட நிரலில், பெண் குரல் கொண்ட எந்திரம் வசையைக் கேட்டு வெட்கப்படத் தயாராக நிற்க வேண்டும். திட்டியவர் தொடர்ந்து திட்டலாம். இரண்டு இடத்திலும் வெட்கம் பெண்ணின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. சதையும் ரத்தமும் இல்லாத ஒன்றுக்குக்கூட, பெண் குரல் கொடுத்தவுடன் அந்தக் கணக்கையும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூர்

‘2.0’இல் சென்னையின் கைபேசிகள் எல்லாம் கையிலிருந்து பறந்துபோகின்றன. கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன என்று நம்பித் தன்னை மாய்த்துக்கொண்ட ஒரு பறவையியலாளரின் ஆவி அவற்றை எடுத்துக்கொள்கிறது. கைபேசி யார் கையிலிருந்து போகிறது என்று படம் முழுக்கப் பார்க்கிறோம். யார் கையிலிருந்து வந்தது என்று ஒரு காட்சியிலும் பார்க்கவில்லை.

அந்தக் கைகள் தூரத்தில் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014இல் மூடியது. ‘எந்திரன்’ திரையரங்குகளில் ஓடிய காலத்தில் அங்கே இளம்பெண்கள் வரிசையாக நின்று கைபேசிகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னர் வந்த ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்றார்கள். 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். நெரிசலான அறைகளில் தரையில் படுத்ததையும், சில விடுதிகளில் கழிப்பறைக்குத் தண்ணீர் வராததையும் தொழிலாளர்கள் ராய்ட்டர்ஸ் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். விடுதிகளும் உணவுக்கூடங்களும் சில தன் விதிகளின்படி இல்லை என்று ஆப்பிளும் ஒப்புக்கொண்டது. அதே ஆலை ஐஃபோன் பூட்டும் வேலைக்குத் திருமணமான பெண்களை ஒதுக்கிவந்தது என்று 2024இல் ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது.

உலகின் மிக விலையுயர்ந்த கைபேசிகளில் ஒன்று உருவாகும் இடத்தில், அதை உருவாக்குகிறவள் இரவு திரும்பும் விடுதியில், குழாயில் தண்ணீர் வரவில்லை. அம்பையின் கதையில் தண்ணீர் வெளியேறவில்லை, இங்கே தண்ணீர் வந்துசேரவில்லை. தொட்டியும் குழாயும் மனையியல், கைபேசிதான் தொழில்நுட்பம் என்று பிரித்துவைத்தால், இந்த இரண்டும் ஒரே பெண்ணின் ஒரே நாளில் நடப்பவை என்பது நம் கண்ணுக்குப் படாது. அந்தப் பிரிவினையால் பயனடைகிறவர்கள் இருக்கிறார்கள்.

என் வாசிப்புக்கு ஒரு மறுப்பு அடிக்கடி வரும். வணிகப் படத்திடம் தொழிற்சங்க அறிக்கையை எதிர்பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். நான் அறிக்கையை எதிர்பார்க்கவில்லை. கோடிக்கணக்கில் பணம் போட்டு, எதிர்காலம் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்ய உட்காருகிறவர்கள், எதை மாற்றுகிறார்கள், எதை அப்படியே வைத்திருக்கிறார்கள் என்று மட்டுமே பார்க்கிறேன். புல்லட்டைப் பிடிக்கும் கை அவர்களுக்குத் தோன்றுகிறது. ஆயிரம் உடல்களாகப் பெருகும் ரோபோ தோன்றுகிறது. ஆவி புகுந்த கைபேசிகள் ஒரு ராட்சதப் பறவையாகச் சேர்வது தோன்றுகிறது. ஒரு பெண் காத்திருக்காமல் இருப்பது மட்டும் தோன்றவில்லை. கற்பனைக்கு எல்லை கிடையாது என்கிறார்கள். தமிழ் சினிமாவின் எந்திரக் கற்பனைக்கு எல்லை சமையலறை வாசல்.

ஆகவே, எந்திரம் வரும் எந்தக் கதையையும் மூன்று கேள்விகளோடு படிக்கிறேன். இது யாருடைய களைப்பைக் குறைக்கிறது? யாருடைய வேலையை மறைக்கிறது? பழுதானால் யார் துடைக்கிறார்கள்? முதல் கேள்விக்கு விளம்பரங்களே பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கு ஆலைக்கும் விடுதிக்கும் போக வேண்டும். மூன்றாவதற்கு வீட்டுக்குள் வர வேண்டும். செயற்கை நுண்ணறிவு பற்றி இப்போது தினமும் கட்டுரைகள் வருகின்றன. அவற்றையும் இதே மூன்று கேள்விகளோடுதான் படிக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் பழைய இடங்களிலேயே கிடைக்கின்றன.

‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ படத்தின் முடிவில் மனைவி வெளியேறி, நடனம் கற்றுக்கொடுக்கிறாள். அந்த வீட்டுச் சமையலறையில் இன்னொரு பெண், இரண்டாவது மனைவி, வேலையைத் தொடங்கியிருக்கிறாள். ஒருத்தி தப்பித்ததைக் கொண்டாடிவிட்டுப் படம் முடிந்திருக்கலாம். அப்படி முடியவில்லை என்பதால்தான் அது என் ஆய்வில் இருக்கிறது. பெண் வெளியேறினால் அவளுக்கு விடுதலை கிடைக்கும், வேலை அங்கேயேதான் இருக்கும். அந்த இடத்தில் நிற்கும் அடுத்த பெண்ணின் காலடி நனையாமல் இருக்க வேண்டும் என்றால், குழாயைச் சரிசெய்வது யாருடைய வேலை என்று முதலில் முடிவாக வேண்டும்.